நோசிக் என்று முடியும் வரிகள்

அக்னி நட்சத்திர நாள் ஒன்றில் பகல் ஒரு மணி முதல் இரண்டரை மணி வரை சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து வரும் மெட்டார் என்னும் வானிலை அறிக்கைகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

விஓஎம்எம் 150730இசட் 28009கேடி 6000 ஃபியூ030 40/17 கியூ1004 நோசிக்
விஓஎம்எம் 150800இசட் 27006கேடி 230வி310 6000 ஃபியூ030 40/18 கியூ1004 நோசிக்
விஓஎம்எம் 150830இசட் விஆர்பி02கேடி 6000 ஃபியூ030 39/20 கியூ1003 நோசிக்
விஓஎம்எம் 150900இசட் 12008கேடி 6000 எஸ்சிடி020 36/26 கியூ1003 நோசிக்

மே 15ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். இசட் என்பது கிரீன்விச் நேரம்; நம் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் வரி எழுதப்பட்டபோது மீனம்பாக்கத்தில் மணி ஒன்று. காற்று 280 டிகிரியிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, 9 நாட் வேகத்தில் வீசுகிறது. வெப்பம் 40, டியூ பாயிண்ட் 17. வேலூர்ப் பக்கமிருந்து வரும் வறண்ட அனல் அது. ஒன்றரைக்கு வேகம் 6 நாட்டாகக் குறைந்து, திசை 230க்கும் 310க்கும் நடுவே அலைகிறது. இரண்டு மணிக்குக் காற்றுக்குத் திசையே இல்லை. இரண்டரைக்கு 120இல், தென்கிழக்கில், வந்து நிற்கிறது. வெப்பம் நான்கு டிகிரி இறங்கிவிட்டது. டியூ பாயிண்ட் 26க்கு ஏறிவிட்டது. கடலின் ஈரம் ரன்வேக்கு வந்து சேர்ந்தாயிற்று. அதுவரை மேற்கு நோக்கி 25ஆம் ரன்வேயில் கிளப்பிக்கொண்டிருந்த விமானங்களை டவர் இனி கிழக்கு நோக்கி 07க்குத் திருப்பும். கிழக்கு முனையில் வரிசைகட்டி நின்றவர்கள் அந்த வெயிலில் மேற்கு முனை வரை ஊர்ந்து போக வேண்டும்.

நான்கு வரியும் நோசிக் என்றே முடிவதைக் கவனியுங்கள். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பது அதன் பொருள். ஆனால் காற்று மேற்கிலிருந்து தென்கிழக்குக்குப் புரண்டிருக்கிறது, ரன்வேயே மாறியிருக்கிறது. வானிலை அதிகாரி பொய் சொன்னாரா? இல்லை. திசை 60 டிகிரியாவது மாறி, மாறுவதற்கு முன்போ பின்போ வேகம் 10 நாட்டைத் தொட்டால் அதை மாற்றம் என்று எழுத வேண்டும் என்பது சர்வதேச விதியின் முக்கிய அளவுகோல். இங்கே முன்பு 9, பின்பு 8. அந்த அளவுகோல்படி எதுவுமே நடக்கவில்லை. பைலட்டுக்கு எல்லாமே நடந்திருக்கிறது.

சிறிய டர்போபிராப் விமானத்தைச் சென்னையிலிருந்து மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி என்று ஓட்டுகிறவன் நான். பெரிய ஜெட்டுகள் மேகத்துக்கு மேலே ஏறிப் போய்விடும். எங்களுக்கு வழியெல்லாம் மேகத்தோடுதான் குடித்தனம். அதனாலோ என்னவோ, இந்த வரிகள் மீது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பற்று. பக்கத்து இருக்கைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, டேப்லெட்டில் உள்ள ‘டிகோட்’ பொத்தானை அணைத்துவிடச் சொல்லி. அதை அழுத்தினால் காற்று, வெப்பம், அழுத்தம் எல்லாம் தெளிவான வாக்கியங்களாக, வண்ணப் பெட்டிகளாக வந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே அறிக்கைதான் திரையில் நிற்கும்.

டெலிபிரின்டர் காலத்தில், 1968இல், இந்தக் குறியீடு உலக வழக்குக்கு வந்தது. எழுத்தை மிச்சம் பிடிப்பதுதான் அன்றைய கவலை. அதன் பக்க விளைவாக ஓர் ஒழுங்கு வாய்த்தது: முதலில் காற்று, பிறகு பார்வைத் தொலைவு, வானிலை, மேகம், வெப்பம், அழுத்தம். எந்த நாட்டு நிலையமானாலும் இந்த வரிசை மாறாது. ஆகவே ஆறு மணி நேர அறிக்கைகளைப் பச்சையாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் எண்கள் பத்திகளாக நின்றுவிடும். கண் மேலிருந்து கீழே ஓடும்போது எது நகர்கிறது, எது நகரவில்லை என்பது தானாகப் படும். மெட்டாரைப் படிப்பதென்றால் எனக்கு இதுதான். ஒற்றை வரிக்குப் பொருள் சொல்வதை டி.ஜி.சி.ஏ.வின் பைலட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள்.

எளிய பகுதிகளைச் சீக்கிரம் கடந்துவிடுவோம். நான்கெழுத்தில் ‘விஓ’ என்று தொடங்கினால் தென்னிந்தியா: விஓஎம்டி மதுரை, விஓடிஆர் திருச்சி, விஓசிபி கோவை. ‘விசி’ என்றால் இலங்கை. விசிபிஐ கட்டுநாயக்க, விசிசிஜே பலாலி. தேதியும் கிரீன்விச் கணக்குத்தான் என்பதால், திங்கட்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு நீங்கள் கையில் எடுக்கும் அறிக்கை ஞாயிறு 2230 என்று காட்டும். பழையது என்று ஒதுக்கிவிடக் கூடாது. 9999 என்றால் பார்வைத் தொலைவு 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். மேகத்தை வானத்தின் எட்டில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள்: ஃபியூ என்றால் ஒன்றிரண்டு, எஸ்சிடி மூன்று நான்கு, பிகேஎன் ஐந்து முதல் ஏழு, ஓவிசி முழுக்க மூடியது. கூடவே வரும் மூன்று எண், தரையிலிருந்து நூறு அடிக் கணக்கில் மேகத்தின் அடிப்பகுதி. அமெரிக்கா போனால் மைலும் அங்குலமும் வந்து குழப்பும். அது அவர்கள் பாடு.

காற்றுக்கு வருவோம். மெட்டாரில் உள்ள வேகம் பத்து நிமிடச் சராசரி. இறங்கும்போது டவர் வானொலியில் சொல்வது இரண்டு நிமிடச் சராசரி. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று புதியவர்கள் பதறுவதுண்டு, ஒத்துப்போனால்தான் ஆச்சரியம். ஜூன், ஜூலையில் கோவைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று பிதுங்கி வந்து பீளமேட்டில் இறங்கும். திசை பெரும்பாலும் 23ஆம் ரன்வேக்கு நேர் எதிராக இருப்பதால் கிராஸ்விண்ட் தொல்லை குறைவு. சோதனை வேறிடத்தில் இருக்கிறது. அறிக்கை 24018கேடி என்று வரும். 18 நாட், எதிர்க்காற்று, நல்லதுதானே என்று தோன்றும். சராசரியைவிடக் குறைந்தது 10 நாட் கூடக் குத்தினால்தான் ‘ஜி’ போட்டு எழுதுவார்கள். ஆகவே 27 நாட் வரை வெடுக் வெடுக்கென்று அடித்தாலும் அந்த வரியில் ஜி வராது. அது வராத நாளில் காற்று சீராக இருக்கும் என்று நம்பி வேகத்தை ஒட்டப் பிடித்துக்கொண்டு இறங்கினால், கடைசி ஐந்நூறு அடியில் விமானம் நம்மை உலுக்கி எடுத்துவிடும். அதற்கு முந்தைய வரிகளில் 24014, 24021, 24016 என்று எண் குதித்துக்கொண்டிருந்தால், எழுதப்படாத ஜி அங்கே இருக்கிறது.

எழுதப்பட்டதைவிட, எழுத வேண்டிய வரம்பு எது என்று தெரிந்திருப்பது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

பார்வைத் தொலைவும் அப்படியே. 3000 என்றால் எல்லாப் பக்கமும் 3000 மீட்டர் தெரிகிறது என்று அர்த்தமல்ல. அடிவானத்தில் குறைந்தது பாதிச் சுற்றளவுக்காவது அவ்வளவு தெரிகிறது என்று அர்த்தம். மீதிப் பாதியில் நீங்கள் இறங்கவிருக்கும் முனையும் இருக்கலாம். மற்றொரு திசையில் நிலைமை ரொம்ப மோசமானால் அதையும் தனியே எழுதுவார்கள். அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

சென்னையின் மூடுபனியைப் பற்றிப் பேசினால் போகியைச் சொல்லாமல் முடியாது. தை பிறப்பதற்கு முந்தைய விடியல். தரை குளிர்ந்து, காற்று 00000கேடி என்று செத்துக் கிடக்கும். வெப்பமும் டியூ பாயிண்டும் 23/20, 22/20, 21/20 என்று ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வரும். மற்ற நாளானால் பிஆர் என்று மெல்லிய பனிமூட்டம் போட்டு, சூரியன் வந்ததும் கலைந்துவிடும். போகியன்று ஊரே தெருவில் பழையதைக் கொளுத்துகிறது. ஈரம் ஒட்டிக்கொள்ளப் புகைத்துகள் ஏராளமாகக் கிடைக்கிறது. 3000 எச்இசட் (வறண்ட மங்கல்) என்றிருந்தது 1500 பிஆர் ஆகும். அடுத்த வரியில் 500 எஃப்ஜி. 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் மூடுபனி என்று பெயர் மாறும். 2018 போகியன்று காலை சென்னைக்கு வந்த பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போயின. வானிலை அதிகாரியின் கணக்கில் அன்று காற்றும் ஈரமும் மட்டுமில்லை, தமிழ்க் காலண்டரும் சேர்த்தி.

பார்வைத் தொலைவு 1500 மீட்டருக்குக் கீழே போனதும், ரன்வே நெடுகத் தெரியும் தூரமாக ரன்வேயோரக் கருவிகள் அளக்கும் ஆர்விஆர் வரியில் சேரும். ஆர்07/0600டி என்றால் 07ஆம் ரன்வேயில் 600 மீட்டர், குறைந்துகொண்டிருக்கிறது. அந்தக் கடைசி எழுத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். ஐஎல்எஸ் கருவியின் துணையோடு சாதாரண முறையில் இறங்க 550 மீட்டராவது வேண்டும். 600டிக்கும், கூடிக்கொண்டிருக்கும் 600யுவுக்கும் நடுவே இருப்பது, இறங்குவதற்கும் திருப்பி அனுப்பப்படுவதற்கும் இடையிலுள்ள தூரம். தரையோடு ஒட்டிய மூடுபனியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மேலேயிருந்து நேர்கீழே பார்த்தால் ரன்வே விளக்குகள் பளிச்சென்று தெரியும். இறங்க இறங்கப் பார்வை சாய்ந்து, பனியின் ஆழம் கூடி, மூக்கை நிமிர்த்தும் நேரத்தில் வெள்ளையாகிவிடும். ‘தெரிகிறதே, ஏன் 400 என்கிறார்கள்’ என்று மேலே சுற்றிக்கொண்டிருப்பவர் கேட்பது அதனால்தான்.

மேகத்தில் ஆபத்தான சொல் எது என்று கேட்டால், ஓவிசி என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு ஃபியூ. ‘ஃபியூ025சிபி’ என்று ஆகஸ்டு மாலைகளில் சென்னை வரியில் வந்து ஒட்டிக்கொள்ளும். வானத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கு இடிமேகம். அதன் அடி 2,500 அடியில். தலை எங்கே என்று மெட்டார் சொல்லாது. நம் பக்கத்தில் அது 50,000 அடியைத் தாண்டுவது சாதாரணம். தவிர, மெட்டாரின் கண்ணுக்கு எட்டுவது நிலையமும் அதன் அண்டையும்தான். அண்டை என்பது ஏறக்குறைய 8 முதல் 16 கிலோமீட்டர். அந்த மாதங்களில் சென்னையின் ராத்திரி இடிமழை சித்தூர், வேலூர்ப் பக்கம் பிற்பகலில் திரண்டு, மேல்காற்றில் கிழக்கே நகர்ந்து வருவது. மீனம்பாக்கத்து வரி நோசிக் என்று சாந்தமாக இருக்கும்போதே திருப்பதி வரியில் விசிடிஎஸ் விழுந்திருக்கும். அண்டையில் இடி என்று அர்த்தம். போகிற ஊரின் அறிக்கையை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் மேற்கே ஒரு தடவை பார்ப்பது நல்லது. துறைமுகத்து டாப்ளர் ரேடார் படம் இப்போது எல்லோர் கைபேசியிலும் வருகிறது. அது மழை எங்கே என்று காட்டும். மழைக்கு முன்னே ஓடிவரும் காற்று நிலையத்தைத் தொட்டுவிட்டதா என்பதற்கு வரிகளைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் அலட்சியமாகத் தாண்டிப் போவது அழுத்தத்தை. கியூ1004 என்றால் ஆல்டிமீட்டரில் அதைத் திருகி வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் கடல்மட்டத்தருகே சுமார் 27 அடி உயரம் தவறும். அதனாலேயே 1004.9 என்று அளந்தாலும் 1004 என்றுதான் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் விமானம் காட்டுவதைவிட உயரத்தில் இருக்கட்டும், தாழ்வில் வேண்டாம் என்ற ஏற்பாடு. இது பாடப்புத்தகம். புத்தகத்துக்கு வெளியே ஒன்று: நம் ஊர்களில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். மாலை நான்கு, விடிகாலை நான்கு வாக்கில் அடி. பகலில் மட்டும் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும். வெப்பமண்டலம் முழுக்க இப்படித்தான். ஆகவே மத்தியானம் அழுத்தம் குறைகிறதே, புயல் வருமோ என்று மிரள வேண்டியதில்லை. நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நான் முந்தைய நாள் வரிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நேற்றுக் காலை பத்துக்கு 1012, இன்று பத்துக்கு 1008, அதுவும் காலை ஏற்றமே சரியாக வரவில்லை என்றால், மழை ஒரு சொட்டு விழாமல் வானம் நீலமாக இருந்தாலும் வங்கக்கடலில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையத்தை மூடவைத்த மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. மறுநாள் ஆந்திராவில் பாபட்லா அருகேதான் ஏறியது. வெளியே நின்றபடியே ரன்வேயைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டுப் போயிற்று.

மெட்டார் நடந்ததைச் சொல்வது. டாஃப் நடக்கப்போவதைச் சொல்வது. டாஃப் எழுதுகிறவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். முன்பெல்லாம் கிளம்பும் முன் மெட் ஆபீசுக்கு நேரில் போய் ஃபோல்டர் வாங்கிக்கொண்டு வருவோம். இரவுப் பணியில் இருப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “டெம்போதான் போட்டிருக்கேன் சார், ஆனா கொஞ்சம் ஃபியூவல் சேத்தே போட்டுக்கோங்க” என்பார். அந்த ‘கொஞ்சம்’ எந்தக் குறியீட்டிலும் அடங்காது. இப்போது எல்லாம் டேப்லெட்டில் வந்துவிடுவதால் அதை நாமே வரிகளிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

டெம்போ என்ற சொல் ஒரு கணக்கு. ‘டெம்போ 1512/1516 27020ஜி35கேடி 2000 டிஎஸ்ஆர்ஏ ஃபியூ025சிபி’ என்று சென்னைக்கு வந்தால், நம் நேரம் மாலை ஐந்தரை முதல் ஒன்பதரை வரை இடையிடையே இடிமழை. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய வேண்டும், எல்லாம் கூட்டினாலும் அந்த நான்கு மணியில் பாதிக்குள் இருக்க வேண்டும். அப்படியில்லை என்று கருதினால் அதிகாரி டெம்போ போட மாட்டார். பிகமிங் போடுவார், அதாவது மாறினால் மாறியதுதான். ஆகவே டெம்போவைப் பார்த்ததும் பைலட் கேட்க வேண்டிய கேள்வி மழை வருமா என்பதில்லை. எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பது. எங்கள் விமானத்துக்கு அரை மணி சுற்ற ஏறக்குறைய 300 கிலோ ஃபியூவல். எடை இறுக்கமாக இருக்கும் நாளில் அது மூன்று பயணிகளும் அவர்கள் பெட்டிகளும். கவுண்டரில் இருக்கும் பெண் அந்த மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். வானிலையை இப்படிக் கிலோவாக மாற்றிப் பார்க்கத் தெரியாதவரை டாஃப் படித்தாயிற்று என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

ப்ராப் என்று இன்னொன்று. 30, 40 என்ற இரண்டு எண்ணுக்குத்தான் அதில் இடம். வாய்ப்பு ஐம்பது சதவீதம் என்றால் ப்ராப் போடாமல் நேரடியாக டெம்போவாகவோ பிகமிங்காகவோ எழுதிவிட வேண்டும். முப்பதுக்குக் கீழே என்றால் எழுதவே கூடாது. அப்படியானால் இடி என்ற சொல்லே இல்லாத டாஃபுக்குள்ளும் கால்வாசி வாய்ப்பு ஒளிந்திருக்கலாம். குறையாக இதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதினால் எதையுமே யாரும் படிக்க மாட்டார்கள். சர்வதேசக் கையேடே டாஃபிடம் எதிர்பார்ப்பது, காற்றின் திசையில் 20 டிகிரி, வேகத்தில் 5 நாட் வரை பிசகலாம், அதுவும் நூற்றுக்கு எண்பது தடவை அந்த அளவுக்குள் நின்றால் போதும் என்பதுதான். டிகோட் பொத்தான் இந்தத் தயக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டு, ‘மாலை 6 மணி, மழை’ என்று ஒரு குடைப் படத்தைப் போட்டுவிடுகிறது.

பறக்கும்போது புது வரி வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். விழுப்புரம் தாண்டும்போது காக்பிட்டில் நடுவே உள்ள சிறிய பிரின்டர் கரகரவென்று மளிகைக்கடை பில் போல ஒரு துண்டு நீட்டும். பழைய துண்டுகளைக் கிழித்துப் போடாமல் கிளிப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகி வைக்கச் சொல்வேன். சென்ற மார்கழியில் பெங்களூருக்குப் போகையில் பக்கத்தில் இருந்தவர் அப்படிச் செருகிக்கொண்டே வந்தார். நல்ல கூர்மையான பெண். அங்கே உயரம் 3,000 அடி. டிசம்பர், ஜனவரி விடியலில் மூடுபனி பழகிய ஊர்.

“சார், 16/15 மூணு வரியா அப்படியே நிக்குது. ஆனா காத்து அஞ்சு நாட் வந்திருச்சு.”

“அப்படின்னா?”

“தரையில உக்காராது. மேல தூக்கி ஸ்ட்ரேட்டஸா ஆக்கிடும். 300, 400 அடியில பிகேஎன் வரும். ஆர்விஆர் பாத்து ஏமாறக் கூடாது.”

அடுத்த துண்டில் பார்வைத் தொலைவு 2500க்கு ஏறியிருந்தது, மேகம் பிகேஎன்003. இறங்கினோம், 300 அடியில் விளக்கு தெரிந்தது. அன்று எங்கள் ஆல்டர்னேட், அதாவது இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று ஊர், சென்னை. வருடம் முழுக்கப் பெங்களூருக்கு அது நல்ல ஆல்டர்னேட்தான்: தூரம் குறைவு, கடல்மட்டம், ரன்வே நீளம். போகி விடியலில் மட்டும் இரண்டு ஊர் வரிகளும் ஒரே நேரத்தில் எஃப்ஜி ஆகக்கூடும் என்பதால், அந்த ஒரு காலைக்கு நான் கோவையின் வரிகளை முதலில் அடுக்கிப் பார்ப்பேன். அந்த மாற்றத்துக்கு டிஸ்பாட்ச் மேசையில் காரணம் கேட்பார்கள். காலண்டரைக் காட்டினால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.